தையல்சிட்டு பின்னிய நீள வால்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் உயிர்வேதியியல் படித்த என் மைத்துனர் அருளப்பன். "எலி உடம்பிலும் நம் உடம்பிலும் ஆர்.என்.ஏ. என்று செய்தி ஓலைகள் உண்டு. அவற்றின் நுனியில் சில நொதிகள் வால் சேர்க்கும். சில, அழிக்கச் சொல்லி அடையாளம் வைக்கும். அதுதான் இந்தக் கதை" என்பார்.

ஒரு காட்டில் யானையரசி கட்டளைகளை ஓலையில் எழுதி அனுப்புவாள். அதன் நுனியில் தூக்கணாங்குருவி நாரால் நீள வால் பின்னும். கரையான்கள் வாலிலிருந்துதான் தின்று வரும். வால் நீளமானால் ஓலைக்கு ஆயுசும் நீளம்.

வால் குட்டையானதும் தையல்சிட்டு வரும். நுனியில் இரண்டு சிவப்பு இழை தைக்கும். 'வேலை முடிந்தது' என்று அர்த்தம். கரையான்கள் உடனே ஓலையைத் தின்று தீர்க்கும்.

"குருவியண்ணே, உங்க அலகு பட்டா ஓலைக்கே உயிர் வருது!" என்று முயல்கள் புகழும். சிட்டைக் கண்டாலோ, "ஐயோ, எமன் வந்துட்டான்!" என்று சிரிக்கும்.

சிட்டுக்கு வயிறு எரிந்தது. "அவன் பின்னினால் அழகு, நான் தைத்தால் சாவா?"

ஒருமுறை காட்டில் வெள்ளம் புகுந்தது. 'எல்லோரும் குன்றில் ஏறுங்கள்' என்று ஓலை வந்தது. மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. ஓலையின் வாலும் குட்டையாகியிருந்தது. சிட்டு சிவப்பு இழையை வீசி எறிந்தது. நார் கிழித்து நீள வால் பின்னியது!

"அடேயப்பா! குருவியண்ணனையே மிஞ்சிட்டியே!" என்றன முயல்கள். சிட்டு பூரித்துப் போனது.

ஓலை இருக்கும்வரை கட்டளையை மீறக் கூடாது. அது அந்தக் காட்டின் வழக்கம். கீழே புல் துளிர்த்தது. மேலே முயல்கள் பட்டினி கிடந்தன. மொட்டைக் குன்றில் ஒரு புழுகூட இல்லை. சிட்டின் மூன்று குஞ்சுகளும் வாயைப் பிளந்து கத்தின.

"கரையானே, சீக்கிரம் தின்னேன்!" என்று சிட்டு கெஞ்சியது.

"இத்தனை நீள வாலையா? எவன் பின்னினான் இதை? சிவப்பு இழை எங்கே?"

சிட்டு பறந்து போய் ஓலையின் நுனியில் அமர்ந்தது. தான் பின்னியதைத் தானே பிரித்தது. சிவப்பு இழையைத் தைத்தது. ஓலை அழிந்தது, எல்லோரும் கீழே ஓடினார்கள். சிட்டின் கூட்டிலிருந்து இரண்டு குஞ்சுகள்தான் இறங்கின.

அடுத்தவர் புகழுக்கு ஆசைப்பட்டுத் தன் வேலையை விட்டவர், தன் கூட்டிலேயே ஒன்றை இழப்பார்.

நீதி சரிதான். ஆனால் பழி முழுவதும் சிட்டுக்குத்தானா? போன மாதம் அருளப்பனிடம் கேட்டேவிட்டேன்: "மச்சான், சிட்டு ஒழுங்காகச் சிவப்பு இழை தைத்த நாட்களில், ஒரு முயலாவது அதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியதா?"