தாழிக்குள் இருந்தவருக்கு யார் சொந்தம்

"எங்க ஆளுன்னு எழுதுதீங்களா, இல்லையாம்மா?" என்று கேட்டார் திருமேனி.

மதிவதனி குழிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாழியின் விளிம்பில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அந்த அகழாய்வுக்கு அவள்தான் தலைவி. வயது முப்பத்தாறு. திருமேனி ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். வயது அறுபத்தொன்று. பானை ஓடு கழுவவாவது விடுங்கள், பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்கிறேன் என்று முதல் நாளே வந்து நின்றவர். ஊரே அவரிடம் படித்தது, அவர் இவளிடம் படித்தார். அதில் அவருக்கு வெட்கமே இல்லை. பிடிவாதம்தான் கொஞ்சம் அதிகம்.

"கேக்கேன்லா?"

"யாரு சார் உங்க ஆளு?"

"இதுக்குள்ள இருக்காரே, இவருதான். எங்க பாட்டன்."

மார்பளவு உயரமுள்ள மண்தாழி அது. முன்னாட்களில் இறந்தவரை அதற்குள் வைத்துத்தான் புதைப்பார்கள். திறந்து இருபது நாளாகிறது. உள்ளே ஓர் ஆளின் எலும்புகள், இரண்டு கிண்ணங்கள், துருப்பிடித்த ஒரு கத்தி.

அகழாய்வு நடக்கும் மேட்டுக்கு மேற்கே மேலச்செங்காடு. திருமேனியின் ஊர். கிழக்கே கீழச்செங்காடு. இரண்டு ஊருக்கும் இடையே மூன்று தலைமுறையாகப் பெண் கொடுத்ததில்லை, எடுத்ததில்லை. கல்யாணப் பத்திரிகைகூடப் போய் வந்ததில்லை. தாழி வெளியே வந்த அன்றே, தாழியில் இருப்பவர் எங்கள் மூதாதை என்று இரண்டு ஊரும் சொல்லிவிட்டன.

தொல்லியல் துறையிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு ஊரும் ஒத்துப்போய் ஓர் இடத்தைக் காட்டினால் தாழி இங்கேயே ஒரு கூடத்தில் இருக்கும். இல்லையென்றால் நகரத்துக் கிடங்குக்குப் போகும். இன்று மூன்று மணிக்கு லாரி.

"கிடங்குல ஏற்கெனவே நாப்பது தாழி சாக்கு மூடிக் கெடக்கு. நாப்பத்தொண்ணா இவரும் போயிட்டா அப்புறம் யாரும்மா வந்து பாக்கப்போறா?" என்றார் திருமேனி. "மேலச்செங்காட்டு ஆளுன்னு நீங்க ஒரு வரி எழுதுனா போதும். லாரிய மறிச்சிருவோம்."

"எதை வெச்சு எழுதறது?"

"இந்த மேட்டுக்குப் பேரே தாத்தன்காடு. எங்க ஊர் ஆடுதான் இங்க மேயுது."

"கீழச்செங்காட்டுலயும் தாத்தன்காடுன்னுதான் சொல்றாங்க."

"அவங்க சொல்லுவாங்க!"

"அவங்க ஆடும் மேயுது."

"எலும்பச் சோதிச்சா தெரிஞ்சிரும்லா?"

"நாப்பது வயசு இருக்கும்னு தெரியும். முழங்கால்ல வலியோட நடந்தவர்னு தெரியும். எந்த ஊரு ஆட்டை மேய்ச்சார்னு எலும்பு சொல்லாது சார்."

திருமேனி விடுவதாக இல்லை. "எனக்கு எதுவும் சோதிக்க வேண்டாம். இவரு எங்க ரத்தம். என் நெஞ்சு சொல்லுது."

மதிவதனி தூரிகையைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எத்தனை நாள் தீட்டு காத்தீங்க?"

"என்னது?"

"உங்க பாட்டன் இறந்திருக்கார். எத்தனை நாள் தீட்டு காத்தீங்கன்னு கேட்டேன்."

திருமேனி சிரித்துவிட்டார். "ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சேம்மா. இப்போ எப்படித் தீட்டு வரும்?"

"சொந்தம் மட்டும் எப்படி வந்துச்சு?"

அவர் வாத்தியார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர். சும்மா விடுவாரா?

"முறை தெரிஞ்சுதான் பேசுதேன். தூரத்துச் சாவு வருசம் கழிச்சுக் காதுல விழுந்தா தீட்டு கெடையாது. கேள்விப்பட்ட அன்னைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டா போதும். எங்க பக்கம் அப்படித்தான்."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கேள்விப்பட்டு இருபது நாள் ஆச்சு சார்," என்றாள் மதிவதனி. "ஊத்திக்கிட்டீங்களா?"

திருமேனி தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

தாழி கிடைத்த அன்று அவர் என்ன செய்தார் என்று ஊருக்கே தெரியும். தாழியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். நாலு பத்திரிகைகளுக்குப் போன் போட்டார். சாயங்காலம் தெருத்தெருவாக லட்டு கொடுத்தார்.

பாட்டன் சாவுக்கு லட்டு.

காது மடல் வரை சுட்டது அவருக்கு. குழியை விட்டு ஏறினார். மேட்டின் அடியில் ஒரு பம்ப்செட் உண்டு. தண்ணீர் விழும் தொட்டியில் சட்டை வேட்டியோடு இறங்கி, குழாய்க்கு நேராகத் தலையைக் கொடுத்தார். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை.

திரும்பி வந்து, நீர் சொட்டச் சொட்டத் தாழியிலிருந்து நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். இருபது நாளாக அவர் தாழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு மனுஷர் இருக்கிறார் என்பது இப்போதுதான் உறைத்தது. முழங்கால் வலியோடு நடந்த மனுஷர். அழுகை வந்தது. அழுதார்.

இரண்டரை மணிக்குக் கீழச்செங்காட்டுக் கூட்டம் வந்தது. முன்னால் ஆவுடையப்பன். அந்த ஊர்ப் பெரியவர், எழுபது வயது. கையில் மனு. ஆள் வருவதற்கு முன்பே குரல் வந்துவிட்டது.

"எங்க பாட்டன எவன் தூக்கிட்டுப் போறான்னு பாத்திருவோம்! லாரி எங்கவே?"

குழி ஓரத்துக்கு வந்தவர், ஈர வேட்டியோடு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் திருமேனியைப் பார்த்தார். குரல் சட்டென்று இறங்கியது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற, குழியில் மண் சுமக்கும் முப்பிடாதியிடம் மெதுவாகக் கேட்டார்.

"என்னம்மா ஆச்சு இவருக்கு?"

"துட்டி," என்றாள் அவள். சாவு விழுந்த வீட்டுத் துக்கத்துக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர்.

"யாரு தவறிப்போனா?"

"அந்தா தாழிக்குள்ள இருக்காருல்லா, அவருதான்."

வரப்புத் தகராறில் மண்டையை உடைப்பார்கள். கோவில் மரியாதைக்காக நீதிமன்றம் வரை போவார்கள். ஆனால் துட்டி வீட்டில் சத்தம் போட அந்தச் சீமையில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. ஆவுடையப்பன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். குழிக்குள் இறங்கினார். திருமேனியின் முன்னால் வந்து, துட்டி கேட்கும் முறைப்படி இரண்டு கைகளையும் நீட்டினார்.

திருமேனி ஈரக் கைகளை அவற்றின்மேல் வைத்தார். வாங்க என்று சொல்லவில்லை. துட்டி வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்பதில்லை.

முப்பிடாதி இரண்டு சாக்குகளைக் கொண்டுவந்து விரித்தாள்.

"துட்டி கேக்க வந்தவுக அந்தப் பக்கம் உக்காருங்க. வீட்டாளுக இந்தப் பக்கம்."

ஆவுடையப்பன் பாதி குனிந்தவர் அப்படியே நின்றார்.

"நான் வந்தவனா?"

"நீங்க குளிக்கலையே அய்யா."

அவர் முப்பிடாதியைப் பார்த்தார், மதிவதனியைப் பார்த்தார். அவள் தூரிகையும் கையுமாக வேலையில் இருந்தாள். கடைசியாகத் தாழிக்குள் எட்டிப் பார்த்தார். இந்த இருபது நாளில் அவர் ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை.

மனுவைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு மேட்டை விட்டு இறங்கினார்.

அதே தொட்டி. அதே குழாய். கீழச்செங்காட்டு ஆட்கள் பதினைந்து பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். எழுபது வயதுப் பெரியவர் நடுங்கிக்கொண்டே திரும்பி வந்து, இந்தப் பக்கத்துச் சாக்கில், திருமேனியை ஒட்டி உட்கார்ந்தார்.

முப்பிடாதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரே சாவுக்கு ரெண்டு பேரும் குளிச்சாச்சு. அப்போ நீங்க பங்காளிகள்லா?" என்றாள். துட்டி வீட்டில் சிரிப்பு வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.



லாரி வந்து நின்றது. டிரைவர் குழி ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"ஏத்தவா மேடம், திரும்பிப் போகவா?"

மதிவதனி திருமேனியைப் பார்த்தாள். "சொல்லுங்க சார். இடம் எங்க?"

மேலச்செங்காட்டுப் பள்ளிக்கூடத்துக் கூடம் என்பது திருமேனியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருபது நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தை. பக்கத்தில் ஆவுடையப்பனுக்குக் குளிரில் பல் கிட்டியது. திருமேனி தன் துண்டைப் பிழிந்து அவர் தலையைத் துவட்டினார். அவர் தலையை நகர்த்தவில்லை.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்கம்மா," என்றார் திருமேனி.