ஐந்தாம் எழுத்துக்கு ஒரு பெண்

தாராபுரத்திலிருந்து மேற்கே போகிற சாலையில் பூசாரிவலசு என்று ஓர் ஊர். அந்த ஊரில் நான்கு பங்காளிகள் இருந்தார்கள். மூத்தவர் பொன்னுசாமி, அடுத்தவர் ராக்கியப்பன், மூன்றாமவர் நாச்சிமுத்து, கடைசி தண்டபாணி. நால்வருக்கும் சேர்த்து ஒரு கார் இருந்தது. மூளையும் அப்படித்தான், நாலு பேருக்கும் சேர்த்து ஒன்று என்று ஊரில் சொல்வார்கள். அது வீண்பழி. அவ்வளவெல்லாம் இல்லை.

அது கியர் போட்டு ஓட்டுகிற பழைய கார். வாங்கிய அன்றே பொன்னுசாமி உள்ளே குனிந்து பார்த்துவிட்டுக் கவலையோடு நிமிர்ந்தார்.

“மிதிக்கறதுக்கு மூணு இருக்குதுடா. மனுசனுக்குக் கால் ரெண்டுதான.”

“அப்ப ஒரு ஆளால ஓட்டவே முடியாதுங்ணா,” என்றார் ராக்கியப்பன்.

“ரோட்டுல ஒண்டியா ஓட்டிட்டுப் போறாங்களே?” என்று தண்டபாணி கேட்டான்.

“எதையோ மிதிக்காம ஏமாத்தறாங்க,” என்றார் நாச்சிமுத்து.

நமக்கு ஏமாற்று வேலை வேண்டாம் என்று நால்வரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பொன்னுசாமி ஸ்டீயரிங் பிடித்தார். ராக்கியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கியர் போட்டார். நாச்சிமுத்து கீழே சுருண்டு படுத்துக் கிளட்சைக் கையால் அமுக்கினார். பின்சீட்டிலிருந்து “கிளட்ச்!”, “கியர்!” என்று கூவுவது தண்டபாணியின் வேலை. இப்படியே எட்டு வருடம் ஓட்டினார்கள். அந்த எட்டு வருடத்தில் நாச்சிமுத்து எந்த ஊரையும் பார்த்ததில்லை. பொன்னுசாமியின் முழங்காலைத்தான் பார்த்தார்.

ஒரு நாள் தண்டபாணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கூவ ஆளில்லாமல் கார் நேரே ஒரு கரும்புக் காட்டுக்குள் போய் நின்றது. மெக்கானிக் இஸ்மாயில் பாய் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கிளட்ச் தேஞ்சு மாவாப் போச்சுங்க. உங்களுக்கு இதெல்லாம் ஒத்து வராது. ஆட்டோமேட்டிக் வண்டியா ஒண்ணு வாங்கிக்கங்க. அதுல கிளட்சே கெடயாது, கியரை அதுவே மாத்திக்கும்.”

ஓய்வு பெற்ற ஒரு டாக்டரம்மாவிடம் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்தார்கள். பாய் இரண்டே இரண்டு புத்திமதி சொன்னார்.

“இடது காலுக்கு இதுல வேலையே இல்லீங்க. அத வீட்டுலயே விட்டுட்டு வந்ததா நெனச்சுக்கங்க. அப்பறம், தினமும் ஆயிலைப் பாத்துக்கங்க.”

காலை எப்படி வீட்டில் விட்டுவிட்டு வருவது என்று நால்வரும் ஒரு நாள் முழுக்க யோசித்தார்கள். கடைசியில் இடது கால் செருப்பை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வருவது என்று முடிவானது. ஆயிலை நாச்சிமுத்து ஏற்றுக்கொண்டார். தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, அளவுக் கம்பியை உருவி, அதில் இருக்கும் ஆயிலை அரைமணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தார். ஆயில் குறைந்தபோது குறைவதையும் பார்த்தார். அவர் பார்க்காத நாளே கிடையாது.

அதற்கப்புறம்தான் கியர்த் தண்டின் பக்கத்தில் இருந்த எழுத்துக்கள் கண்ணில் பட்டன. மேலிருந்து கீழாக ஐந்து இங்கிலீஷ் எழுத்து. தண்டபாணி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“பி... ஆர்... என்... டி... எல்.”

பொன்னுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

“டேய், பி-ன்னா பொன்னுசாமிடா. ஆரு, ராக்கியப்பன். என்னு, நாச்சிமுத்து. டி நீயி. மூத்தவன்ல இருந்து வரிசை மாறாம எழுதி வெச்சிருக்குதுடா!”

“டாக்டரம்மாவுக்கு நம்மளத் தெரியுங்களாண்ணா?”

“தெரியாமயா எழுதுவாங்க?”

அவரவர் எழுத்தை அவரவர்தான் போட வேண்டும், அடுத்தவர் எழுத்தைத் தொடுவது மரியாதை இல்லை என்று அங்கேயே பேசி முடித்தார்கள். மூத்தவர் முதலில் உட்கார்ந்தார். தண்டு பி-யில் இருந்தது. சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியதே தவிர அசையவில்லை.

“பெரியண்ணன் சின்ன வயசுலயும் இப்படித்தான். உக்காந்தா உக்காந்ததுதான்,” என்றார் ராக்கியப்பன்.

அடுத்து அவர் உட்கார்ந்து ஆர் போட்டார். கார் பின்னாலேயே போய் வைக்கோல் போரில் புகுந்தது. அவர் எல்லாவற்றிலும் பின்வாங்குகிற ஆள் என்பது ஊரறிந்த சங்கதி. நாச்சிமுத்து என் போட்டு மிதித்தார். சத்தம் ஊரைத் தூக்கியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அதுவும் யாருக்கும் ஆச்சரியமாக இல்லை.

கடைசியாகத் தண்டபாணி டி போட்டான். கார் பூப்போல முன்னால் நகர்ந்தது. முப்பத்தைந்து வயது வரைக்கும் அவன் எதிலும் முன்னால் போனவன் இல்லை. பதினோரு இடத்தில் பெண் பார்த்து, பதினோரு இடத்திலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவனுக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சம் அல்ல.

அன்று முதல் வண்டியைக் கிளப்புவதும் நிறுத்துவதும் பொன்னுசாமி, பின்னால் எடுப்பது ராக்கியப்பன், முன்னால் ஓட்டுவது தண்டபாணி என்று ஆனது. ஆனால் பொன்னுசாமிக்கு மனசு ஆறவில்லை.

“எல்லு சும்மா கெடக்குதேடா. ஒரு எழுத்து ஆளில்லாமக் கெடந்தா குடும்பத்துக்கு ஆகாது.”

“தம்பிக்கு எல்லுல ஒரு பொண்ணாப் பாத்துக் கட்டி வெச்சரலாமுங்ணா,” என்றார் ராக்கியப்பன்.

அடுத்த வாரமே சரஸ்வதி என்று ஒரு நல்ல பெண்ணின் ஜாதகம் தானாக வந்தது. வண்டியில் அவளுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஒரு நாள் சாலையில் எதிரே ஒரு கார் தத்தித் தத்தி வந்தது. அதன் நெற்றியில் சிவப்பு மையில் பெரிதாக ‘எல்’ என்று எழுதியிருந்தது. நால்வரும் இறங்கிக் கையை விரித்துக்கொண்டு அதை மறித்தார்கள்.

“ஏனுங், இதுல ஆருங் எல்லு?” என்று பொன்னுசாமி கேட்டார்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த பெண் கூச்சத்தோடு சொன்னாள், “நாந்தானுங். பழகிட்டிருக்கறனுங்.”

“பேரு என்ன அம்மிணி?”

“லோகநாயகிங்.”

தண்டபாணி எட்டி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அப்படி ஒன்றும் பேரழகி இல்லை. ஆனால் இரண்டு வருடமாகப் பழகியும் லைசென்ஸ் கிடைக்காத முகத்தில் ஒரு சாந்தம் இருந்தது. அவள் பக்கத்தில் இருந்தவர் அவளுடைய அப்பா வேலுச்சாமி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவருடைய காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து நிறுத்திவிட்டுத்தான் அவர் சம்பந்தம் பேசினார்.

எல்லாம் கூடி வந்தது. வேலுச்சாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “முகூர்த்தம் ஒம்பதுல இருந்து பத்தரைங்க. எனக்கு நேரம்னா நேரம். பத்தரை தாண்டுச்சுன்னா என்ற அக்கா பையன் பட்டு வேட்டியோட மொத வரிசைல உக்காந்திருப்பான். பாத்துக்கங்க.”

அன்றிலிருந்து தண்டபாணிக்குத் தூக்கம் போய்விட்டது. பன்னிரண்டாவது இடமும் கைநழுவினால் அதற்கப்புறம் அவனுக்கு யாரும் பெண் பார்க்கப் போவதில்லை. அது அவனுக்கே தெரிந்திருந்தது.

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கே காருக்கு மாலை போட்டு, நால்வரும் வலது கால் செருப்போடு ஏறினார்கள். மண்டபம் பன்னிரண்டு கிலோமீட்டர். தண்டபாணி ஸ்டீயரிங் பக்கம் போனதும் பொன்னுசாமி தடுத்தார்.

“மாப்பிள்ளை எங்காச்சும் கார் ஓட்டுவானாடா? பின்னாடி உக்காரு.”

“அப்ப நீங்க ஆராச்சும் டி போட்டு ஓட்டுங்ணா.”

“நீ பின்னாடி இருக்கறப்ப முன்னாடி உன்ற எழுத்தப் போட்டா வண்டி கொழம்பிராதா?”

பி நகராது, என் கத்தும். மிச்சமிருந்தது ஆர்தான். ராக்கியப்பன் தொண்டையைச் செருமினார்.

“நான் ஓட்டறன். மண்டபத்துக்கு முதுகைக் காட்டி வண்டிய நிறுத்திட்டா நேராப் பின்னாலயே போயரலாம். பின்சீட்டுல இருக்கற மாப்பிள்ளைதான் மொதல்ல போய்ச் சேருவான். அதுவும் மரியாதைதான?”

மரியாதைதான் என்று எல்லோருக்கும் பட்டது. பொன்னுசாமி கிளப்பிக் கொடுத்தார். ராக்கியப்பன் ஆர் போட்டார். மாலை போட்ட கார், முகத்தைப் பூசாரிவலசுக்குக் காட்டிக்கொண்டு மண்டபத்தை நோக்கிப் பின்னால் போயிற்று. வழியில் இரண்டு பஸ் ஒதுங்கின. ஓர் ஆட்டுக் கூட்டம் கலைந்தது. தண்டபாணி மாலையும் கழுத்துமாகப் பின்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு, அடிக்கடி கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு வந்தான்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. அங்கே இருந்தவர்கள் மாலை போட்ட கார் ஊர்ப் பக்கம் முகம் வைத்திருப்பதைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

“என்னுங், கண்ணாலம் முடிஞ்சு வர்றீங்களாக்கு?”

ராக்கியப்பன் காலைப் பிரேக்கில் வைத்தார். காருக்குள் எல்லோருக்கும் முகம் மாறியது.

“முடிஞ்சிருச்சாடா?” என்றார் நாச்சிமுத்து.

“வண்டி மூஞ்சி நம்மூரப் பாத்துத்தான இருக்குது. அப்பத் திரும்பி வர்றம்னுதான அர்த்தம்,” என்றார் பொன்னுசாமி.

“எனக்குத் தாலி கட்டுன ஞாபகமே இல்லீங்களேண்ணா!”

“பதட்டத்துல மறந்திருப்ப. விடு.”

டீக்கடைக்காரரின் சம்சாரம் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். காருக்குள் குனிந்து பார்த்துவிட்டு, “பொண்ணு எங்கீங்?” என்று கேட்டாள்.

நால்வரும் பின்சீட்டைத் தடவிப் பார்த்தார்கள். பெண் இல்லை.

“ஐயோ, பொண்ண மண்டபத்துலயே மறந்து விட்டுப்போட்டு வந்துட்டமேடா!” என்று பொன்னுசாமி மார்பில் அடித்துக்கொண்டார். தண்டபாணி அழுதேவிட்டான். தாலி கட்டியதும் ஞாபகமில்லை, கட்டியவளும் கையில் இல்லை. ஒரு மனுஷனுக்கு எவ்வளவுதான் வரும்?

“அழுவாத தம்பி. பின்னாடியே போயிக் கூட்டிட்டு வந்தரலாம்,” என்றார் ராக்கியப்பன். பின்னாடி போவதுதான் அவருக்கு வருமே. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் விட்ட இடத்திலிருந்து பின்னால் பறந்தது.

மண்டபத்து வாசலில் வேலுச்சாமி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி பத்து இருபது. உள்ளே அக்கா பையன் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அப்போது சாலையில் மாப்பிள்ளை காரின் பின்பக்கம் தெரிந்தது. “மாப்பிள்ளை ஓடறாரு, புடிங்க!” என்று கத்திக்கொண்டு அவர் துரத்த ஓடினார். நாலு எட்டு வைப்பதற்குள் கார் அவர் மேலேயே வந்து, இரண்டு வாழை மரத்துக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி நின்றது. பொன்னுசாமி பி போட்டார்.

“ஊருலிருந்தே ரிவர்ஸா?” என்றார் வேலுச்சாமி. இருபது வருடமாக ஆயிரம் பேருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்தும் ஒருத்தனுக்கும் ஒழுங்காக வந்ததில்லை. மனுஷன் ராக்கியப்பனைக் கட்டிக்கொண்டு தேம்பினார்.

பத்து இருபத்தெட்டுக்குத் தண்டபாணி தாலி கட்டினான். இந்த முறை மறந்துவிடக் கூடாது என்று, கட்டும்போது நாச்சிமுத்துவைப் பக்கத்தில் நிறுத்தி உற்றுப் பார்க்கச் சொன்னான். ஆயில் பார்த்துப் பழகிய கண் அது. அவர் இமைக்கவேயில்லை.

விருந்து முடிந்து கிளம்பினார்கள். லோகநாயகி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் தண்டபாணி, பின்னால் மற்ற இருவர். பொன்னுசாமி ஜன்னல் வழியாகக் கையை விட்டு வண்டியைக் கிளப்பிவிட்டு, தாம்பூலப் பையை மறந்துவிட்டேன் என்று மண்டபத்துக்குள் போனார்.

“நீயும் வேணும்னா டி போட்டுக்கலாம் அம்மிணி,” என்றான் தண்டபாணி பெருந்தன்மையாக.

அவளுக்குக் கன்னம் சிவந்தது. “கட்டுனவரு பேர நான் எப்படிங் போடுவன்?”

தண்டபாணிக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் தண்டை எல்லுக்கு இழுத்தாள். நடுவில் டி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். கார் ஆள் நடக்கிற வேகத்தில் முன்னால் நகர்ந்தது. எல்லுக்கும் ஆள் வந்துவிட்ட சந்தோஷத்தில் பொன்னுசாமி ஏறவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பூசாரிவலசு வந்து வீட்டு வாசலும் வந்தது. கார் வாசலைத் தாண்டிப் போனது.

“நிறுத்து அம்மிணி,” என்றான் தண்டபாணி.

“பி-ன்னா மூத்தவரு பேராச்சுங்களே. நான் எப்படிங் தொடுவன்?”

“அதுஞ் செரிதான். அப்ப பிரேக்கப் புடி.”

“பிரேக்கு எப்பவும் அப்பா பக்கமில்லீங்?”

தண்டபாணி தன் காலடியில் தேடினான். அங்கே பிரேக் இல்லை. அப்பாவும் இல்லை. கார் கோயிலைச் சுற்றி மறுபடி வாசலுக்கு வந்து, மறுபடி தாண்டிப் போனது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் சுற்றினார்கள். லோகநாயகி பக்கத்தில் இருக்கிறாள் என்பதால் தண்டபாணிக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

ஏழாவது சுற்றில் டவுன் பஸ்ஸிலிருந்து பொன்னுசாமி தாம்பூலப் பையும் ஒற்றைச் செருப்புமாக இறங்கினார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே காரோடு கூடவே நடந்தார்.

“அண்ணா, சீக்கிரம் ஏறி உங்க எழுத்தப் போட்டு நிறுத்துங்ணா!”

பொன்னுசாமி நடந்துகொண்டே நன்றாக யோசித்தார்.

“ஓடற வண்டில எப்படிடா ஏர்றது? மொதல்ல வண்டிய நிறுத்துங்க. நான் ஏறி நிறுத்தித் தர்றன்.”