இருபத்து மூன்றாவது அழுத்தம்

இதய மருத்துவர் தணிகாசலம் ஐம்பத்திரண்டு வயதில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவருடைய பேராசிரியர் ஷம்ஷாத்துக்கு முப்பத்தெட்டு.

ஸ்கேனில் இதயம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் செலுத்தும் வாயுக் குமிழிகள் உண்டு. ரத்த அணுவைவிடச் சிறியவை. ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய கொழுப்பு உறை. ஊசிமுனையால் ஒரு குமிழியை மெல்ல அழுத்தி, உறையின் விறைப்பை அளப்பதுதான் தணிகாசலத்தின் வேலை.

இரண்டு வகை உறைகள். வகைக்கு நூறு குமிழிகள். நோயாளிகளுக்கு எதைக் கொடுத்துப் பார்ப்பது என்று அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

"ரெண்டுக்கும் ஒரே விறைப்புதான் மேடம். எதை வேணும்னாலும் அனுப்பலாம்."

ஷம்ஷாத் அவர் நீட்டிய தாளைப் பார்க்கவில்லை.

"எப்படி இருக்கீங்க டாக்டர்?"

"நல்லா இருக்கேன் மேடம்."

"எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

மறுபடியும் கேட்டார். அதே குரல். தணிகாசலம் சிரித்தார். ஐந்தாவது தடவை முகம் சுளித்தார். ஏழாவது தடவை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சொர்ணம்னு ஒரு அம்மா. ஸ்கேன் பண்ணிட்டிருக்கும்போதே குமிழியெல்லாம் உடைஞ்சு படம் மங்கிப் போச்சு. இதயத்துக்குள்ள இருந்த ரத்தக்கட்டி என் கண்ணுல படலை. வீட்டுக்கு அனுப்பிட்டேன். மறுவாரம் அவங்க மகன் மட்டும்தான் வந்தார். அதனாலதான் மேடம் இங்க வந்தேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை."

தணிகாசலம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒவ்வொரு குமிழியையும் நான் ஒரே தடவைதான் அழுத்தினேன்."

"ஸ்கேன் ஒலி எத்தனை தடவை அழுத்தும்?"

"நொடிக்குப் பல லட்சம் தடவை."

சொல்லும்போதே எழுந்துவிட்டார்.

முதல் வகையில் ஒரு குமிழியை எடுத்து அழுத்தினார். விட்டார். அதையே மறுபடி அழுத்தினார். பத்து, இருபது. திரையில் விறைப்பைக் காட்டும் கோட்டின் மேல் கோடு அப்படியே படிந்தது. இருபத்து மூன்றாவது அழுத்தத்தில் கோடு சரிந்தது. அடுத்ததில் இன்னும் சரிந்தது. உறை குழைந்துவிட்டது.

இரண்டாவது வகை. ஐம்பது. நூறு. இருநூறு. அத்தனை கோடுகளும் ஒரே கோடாக நின்றன. வேறு குமிழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அப்படியேதான். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிப்போனது.

செருப்புகூடப் போடாமல் வராந்தாவில் ஓடினார்.

"ரெண்டாவதுதான் மேடம். அதுதான் தாங்குது. முதல் வகையை மட்டும் அனுப்பியிருந்தோம்னா..." மூச்சு வாங்கியது. கையிலிருந்த பழைய தாள் கண்ணில் பட்டது. "அப்போ நாலு மாசமா நான் அளந்ததெல்லாம் தப்பா?"

"தப்பில்லை டாக்டர்," என்றார் ஷம்ஷாத். "அது முதல் பதில்."