செங்காலியும் படகுத்துறைப் பலகையும்

ஒரு தீவு. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு புறா இனம் அங்கே இருந்தது. அந்த இனத்தில் ஒருத்தி கரையோரப் புன்னை மரத்தில் கூடு கட்டி, ஒற்றை முட்டையை அடைகாத்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் செக்கச்செவேலென்று இருக்கும். அதனால் புன்னை அவளைச் செங்காலி என்றுதான் கூப்பிடும்.

ஒருநாள் காலையில் ரம்பம் வந்து மரத்தடியில் நின்றது. புது விடுதிக்கு வழி வேண்டுமாம்.

"இறங்கும்மா, மரத்தை அறுக்கணும்."

"தீவுப் புறா கூடு கட்டின மரத்தைத் தொடக் கூடாதுன்னு சட்டமே இருக்கே!"

"இல்லைன்னா சொன்னேன்? தீவுப் புறா எங்கே?"

செங்காலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. "நான்தான்," என்றாள்.

"நீயா?" ரம்பம் பல்லை இளித்தது. "படகுத்துறைப் பலகையில தீவுப் புறா படம் இருக்கு. அதுக்குக் கால் மஞ்சள். வா, கேட்டுடுவோம்."

பலகை அவளை ஏற இறங்கப் பார்த்தது. "கால் சிவப்பு. கொண்டையும் படிஞ்சு கிடக்கு. நீ வேற ஏதோ."

"உங்க படத்தை யாரைப் பார்த்து வரைஞ்சாங்க?"

"நகரத்து அருங்காட்சியகத்துல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்குதே, அதைப் பார்த்துத்தான். பஞ்சு அடைச்சது."

"செத்துப் போனதா! செத்த காலுல சிவப்பு எப்படிங்க நிக்கும்? உயிரோட இருக்கிற நான் சொல்றேன், நம்ப மாட்டீங்களா?"

"செத்தது பேச்சு மாத்தாதும்மா," என்றது ரம்பம். "நீ நாளைக்கே இறகை உதிர்த்துட்டு வேற மாதிரி வந்து நிப்பே."

செங்காலி பாறைக் குட்டைத் தண்ணீரில் குனிந்து தன் உருவத்தைப் பார்த்தாள். அதே சிவப்பு. அம்மாவுக்கும் இதே சிவப்புதான். அப்படியானால் அம்மாவும் வேறு ஏதோவா? முட்டைக்குள் இருப்பது யார்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

யோசித்தால் முட்டை பிழைக்குமா? மஞ்சள் சேற்றில் காலைத் தோய்த்துக்கொண்டாள். கொண்டையை நிமிர்த்திக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "இப்போ?"

ரம்பம் தயங்கியது. "அட, ஒத்துப்போற மாதிரிதான் இருக்கு. எங்கே, அசையாம நில்லு."

நின்றாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள். வெயில் மறைந்து கடற்காற்று ஈரமாக வீசியது. முட்டை குளிர்ந்துவிடுமே! நின்றால் மரம் மிஞ்சும், முட்டை போய்விடும். போனால்? அவள் மனசு முடிவெடுப்பதற்குள் சிறகு விரிந்துவிட்டது.

"அசைஞ்சிடுச்சு," என்றது பலகை.

"அப்போ அது இல்ல," என்றது ரம்பம்.

புன்னை சாய்கிறபோது, "செங்காலி, பறந்துடு!" என்று மட்டும் கத்தியது. அவள் பறந்தாள். முட்டையால் பறக்க முடியவில்லை.

புன்னை நல்ல மரம், பலகைக்கு ஏற்றது. படகுத்துறையில் பழையதை எடுத்துவிட்டு, இரண்டு மடங்கு பெரிதாகப் புதிய பலகை வைத்தார்கள். 'அரிய தீவுப் புறாவைக் காப்போம்' என்று எழுதி, மஞ்சள் காலோடு படமும் வரைந்தார்கள்.

உட்கார மரம் தேடி அலைந்த செங்காலிக்கு அந்தப் பலகையில் தன் மரத்தின் வாசம் வந்தது. எப்படி என்று புரியவில்லை. போய் அதன் விளிம்பில் உட்கார்ந்தாள்.

படகிலிருந்து இறங்கிய ஒருவர் மனைவியைப் பலகைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையை வீசினார்.

"ச்சூ! ச்சூ! தள்ளிப் போ. வாலால படத்தை மறைக்குது பாரு!"