கொம்பு நீட்டிய குற்றம்

மஞ்சளாற்றின் தென்கரைக் காட்டில் குளம் வற்றிப் போனது. பூவாத்தாள் என்ற எருமை தன் கன்றை அழைத்துக்கொண்டு ஆற்றை நீந்திக் கடந்து, வடகரைக் காட்டில் குடியேறினாள்.

வடகரை வளமான காடு. சேறு உண்டு, நிழல் உண்டு, புல்லும் உண்டு. ஆனால் அந்தப் புல்லுக்கெல்லாம் ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பிழைக்க வந்தவளுக்கு யார் சும்மா கொடுப்பார்கள்? பூவாத்தாள் கன்று குடித்தது போக மிஞ்சிய பாலைத் தயிராக்கினாள். பானையை முதுகில் கட்டிக்கொண்டு தினமும் சந்தைக்கு நடந்தாள். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கரடியார், பானை நிறையத் தயிர் கொண்டுவந்தால் ஒரு கட்டு வைக்கோல் கொடுப்பார். பானை குறைந்தால் கட்டும் குறையும். தயிர் புளித்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். கரடியார் அந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

அந்த வைக்கோல்தான் தாய்க்கும் கன்றுக்கும் சாப்பாடு. அதனால் வெயில் ஏறுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பூவாத்தாள் விறுவிறுவென்று நடப்பாள்.

சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஓடை, நடுவில் குறுகலான பாதை, குறுக்கே ஒரு மூங்கில். அதைக் காவல் காத்தது சூரப்பன் என்ற செந்நாய். எல்லாரும் அவனை ஏட்டையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நில்லு!" என்றான் சூரப்பன். "வெளிக்காடா? கழுத்துப் பட்டை இருக்கா?"

குடியேறியவர்கள் அணிய வேண்டிய பட்டை அது. பூவாத்தாள் கழுத்தைத் தூக்கிக் காட்டினாள். சரியாக இருந்தது.

"மணி?"

தலையை ஆட்டினாள். மணி கணீரென்று ஒலித்தது.

"இடது ஓரமாத்தான வந்தே?"

"ஆமாங்கய்யா."

சூரப்பன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். குறை ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அண்ணாந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"உன் உடம்பு இடது பக்கமா வருது, சரி. உன் வலது கொம்பு எந்தப் பக்கமா வருது?"

பூவாத்தாளுக்குப் புரியவில்லை. "கொம்பு தலையோடதான் வருதுங்கய்யா!"

"பாதையோட நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு வருது! எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்தினா யார் பதில் சொல்றது? பெரிய குத்தம்!"

"எங்க காட்டுல எருமைன்னா எல்லாருக்கும் இப்படித்தாங்க..."

"உங்க காட்டுச் சட்டம் இங்க செல்லாது! நட, மலையடிவார மன்றத்துக்கு. யானையார் விசாரிப்பாரு. போய் வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். உன் தயிர் என்ன ஆகும்னு நீயே யோசிச்சுக்கோ." சூரப்பன் தொண்டையைக் கனைத்தான். குரல் இறங்கியது. "இல்லேன்னா கொஞ்சம் கவனிச்சிட்டுப் போ."

பின்னால் வாழைத்தாரோடு நின்றிருந்த சடையன் என்ற குரங்கு அவள் காதில் கிசுகிசுத்தது. சடையனும் தென்கரையிலிருந்து வந்தவன்தான். வந்து வருஷக்கணக்காகிறது. வடகரை விவகாரமெல்லாம் தனக்கு அத்துப்படி என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"கொடுத்துட்டுப் போக்கா! நாம பொழைக்க வந்த இடம். இங்கெல்லாம் மாமூல் கொடுத்தாத்தான் நடக்கும். நான் அவரு கேக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு சீப்பு எடுத்து நீட்டிருவேன். எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல, பாரு!"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூவாத்தாள் பானையை இறக்கினாள். சூரப்பன் தலையை உள்ளே விட்டுப் பாதித் தயிரை நக்கி முடித்தான். மீசையைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல. நாளைக்குக் கொஞ்சம் உப்புப் போட்டுக் கொண்டா!" என்றான்.

அன்றைக்குக் கரடியார் அரைக் கட்டுதான் கொடுத்தார். மறுநாளும் அதே கொம்பு, அதே குற்றம், அதே அரைக் கட்டு. அப்படியே நாட்கள் போயின. வைக்கோல் குறைந்ததால் பால் குறைந்தது. பால் குறைந்ததால் தயிர் குறைந்தது. அந்தக் குறைந்த தயிரிலும் சூரப்பன் பாதி கேட்டான்.

ஒரு சாயங்காலம் கன்று வந்து அவள் மேல் சாய்ந்து படுத்தது. அதன் விலா எலும்பு அவள் வயிற்றில் குத்தியது. பூவாத்தாளுக்கு அழுகை வந்துவிட்டது. இதற்காகவா ஆற்றை நீந்தி வந்தோம்?

அழுது முடித்து, அசைபோட்டபடி யோசித்தாள். எருமைக்கு யோசனை மெதுவாகத்தான் வரும். ஆனால் வந்துவிட்டால் லேசில் போகாது.

'அவன் என்னை ஒரு நாளாவது கடித்தானா? இல்லை. அடித்தானா? அதுவும் இல்லை. நேரமாகும் என்று மட்டும்தான் சொன்னான். அதைக் கேட்டுப் பதறிப்போய்ப் பானையை இறக்கியது நான்தானே! நேரமானால் ஆகட்டுமே. ஒரு நாள் தயிர் மொத்தமாகப் போனால் போகட்டும். தினம் பாதி போவதற்கு அது மேல்.'

மறுநாள் காலை வழக்கம்போல மூங்கில் குறுக்கே விழுந்தது.

"நில்லு! கொம்பு!" என்றான் சூரப்பன், நாக்கைச் சுழற்றிக்கொண்டு.

"ஆமாங்கய்யா, குத்தந்தான். வாங்க, மன்றத்துக்குப் போகலாம்."

சூரப்பன் விழித்தான். "தயிர் புளிச்சிரும்!"

"புளிக்கட்டுங்க."

"யானையாரு பொல்லாத கோபக்காரரு!"

"நான் அவரைப் பார்த்ததே இல்லீங்க. பார்த்தாப்புல ஆச்சு."

"கொம்பை அறுத்துப் போட்ருவாரு!"

கொம்பு போன எருமையைப் பார்த்துக் கன்றே பயந்து ஓடும். ஆனாலும் பூவாத்தாள் கன்றின் விலா எலும்பை நினைத்துக்கொண்டாள்.

"அப்படிச் சட்டம் இருந்தா அறுத்துக்கட்டும். நீங்களும் கூட வந்து குத்தத்தைச் சொல்லணும்ல? வாங்க, கெளம்புவோம்."

இப்போது மாட்டிக்கொண்டது சூரப்பன்தான். யானையாரின் தந்தம் இரண்டும் பாதையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நீண்டிருக்கும். அவர் முன்னால் போய் நின்று, 'இவள் கொம்பு நீளமாக இருக்கிறது, அது குற்றம்' என்று எந்த வாயால் சொல்வது?

"எனக்கு இங்க ஆயிரம் வேலை கெடக்கு. நான் கூப்பிடறப்ப வா. அதுவரைக்கும் இங்கயே இரு!" என்று சமாளித்தான்.

"சரிங்கய்யா" என்றாள் பூவாத்தாள். பானையை இறக்கி வைத்தாள். மூங்கிலுக்குப் பக்கத்திலேயே, பாதையின் குறுக்கே, நான்கு காலையும் மடக்கிப் படுத்துவிட்டாள். கண்ணை மூடி அசைபோட ஆரம்பித்தாள்.

"ஏய்! ஓரமாப் படு!"

"எந்த ஓரத்துல படுத்தாலும் கொம்பு நீட்டிக்குமேங்கய்யா. அப்புறம் அதுக்கு வேற தனியாக் குத்தம் ஆயிரும்."

பின்னால் கூட்டம் சேர்ந்தது. கிழங்கு மூட்டையோடு முள்ளம்பன்றி, கீரைக்கட்டோடு மான், வாழைத்தாரோடு சடையன். ஒருவராலும் தாண்ட முடியவில்லை. தாண்டாதவரிடம் எப்படி மாமூல் வாங்குவது? சூரப்பன் கத்தினான். வாலைப் பிடித்து இழுத்தான். மலை அசையுமா?

"அக்கா, நம்ம காட்டு மானத்தை வாங்காத! கொடுத்துட்டு எந்திரி!" என்று சடையன் குதித்தான். "உன்னால நம்ம எல்லாருக்கும் கெட்ட பேரு!"

பூவாத்தாள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "தம்பி, வருஷக்கணக்காக் கொடுக்கிறியே, என்னிக்காவது ஒரு நாள் உன்னை நிறுத்தாம விட்டிருக்கானா?"

சடையன் வாழைத்தாரைக் கீழே இறக்கி வைத்தான். தலையைச் சொறிந்தான்.

வெயில் உச்சிக்கு வந்தது. பானையிலிருந்து புளிப்பு வாடை கிளம்பியது. இன்றைக்கு வைக்கோல் இல்லை. பூவாத்தாளுக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் போனது போனதுதான் என்று ஆகிவிட்டபின் ஒரு நிம்மதியும் வந்தது. இனிமேல் சூரப்பன் எதைக் காட்டி மிரட்டுவான்?

"சடையா, ஓடையில நல்ல தண்ணியா மொண்டுக்கிட்டு வா" என்றாள். "புளிச்ச தயிர் மோருக்கு ஆகும். பாவம், எல்லாரும் வெயில்ல காஞ்சு நிக்கிறாங்க."

தண்ணீர் ஊற்றிக் கலக்கியதும் பானை நிறைய நீர்மோர். எல்லாரும் பாறை நிழலில் உட்கார்ந்து குடித்தார்கள். பூவாத்தாள் சூரப்பனுக்கும் ஒரு சிரட்டை கொடுத்தாள். "குடிங்கய்யா. எல்லாருக்கும் கொடுக்கிற மோர்தான். மாமூல் இல்ல."

மோர் உள்ளே போனதும் பேச்சு வெளியே வந்தது.

"எம்மேல என்ன குத்தம் சொன்னாரு தெரியுமா?" என்றது முள்ளம்பன்றி. "என் முள்ளு கூரா இருக்காம்!"

"எனக்குப் புள்ளி அதிகமாம்!" என்றது மான்.

ஒரே சிரிப்பு! முள்ளம்பன்றி உருண்டு உருண்டு சிரித்தது. இத்தனை நாளும் அவரவர் குற்றத்தை அவரவர் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மறைவாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஏட்டையா! எங்களையும் மன்றத்துக்குக் கூட்டிட்டுப் போங்க!" என்றது மான். "ஆமா! எல்லாருமா யானையாரைப் பார்ப்போம்!" என்று மற்றவர்களும் கூவினார்கள்.

சூரப்பன் பாய்ந்து போய் மூங்கிலைத் தூக்கினான். "போங்க! எல்லாரும் போய்த் தொலைங்க!"

பூவாத்தாள் எழுந்திருக்கவில்லை. "என் குத்தம் என்னாச்சுங்கய்யா?"

"உம்மேல குத்தமே இல்ல, தாயே!"

"நேத்து இருந்துச்சே?"

"நேத்து வெயில்ல கண்ணு சரியாத் தெரியல." சூரப்பன் சாவடிக்குள் ஓடினான். பதுக்கி வைத்திருந்த பலாப்பழம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து அவள் மூக்கருகே வைத்தான். வால் கால்களுக்கிடையே போயிருந்தது. "இதை வெச்சுக்கோ. தயவு பண்ணி எந்திரிச்சுப் போயிடு. மன்றத்துப் பக்கம் மட்டும் போயிடாத."

"பழத்தை எடுத்து உள்ள வைங்கய்யா" என்றாள் பூவாத்தாள். "வாங்கறதும் தப்பு, கொடுக்கிறதும் தப்பு. எம்மேல குத்தம் இல்லேன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க, அது போதும்."

சூரப்பன் சொன்னான். காடே கேட்கும்படி சொன்னான். பூவாத்தாள் சாவகாசமாக எழுந்து, மண்ணை உதறிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். முள்ளம்பன்றி பின்னாலேயே ஓடி வந்து, "கன்னுக்குட்டிக்குக் கொடுங்க" என்று இரண்டு கிழங்கை அவள் பானையில் போட்டது.

அதன் பிறகு தயிர்ப்பானை நிறைய நிறையச் சந்தைக்குப் போனது. கரடியார் முழுக் கட்டைத் தூக்கி வைத்தார். சில நாளிலேயே கன்று மினுமினுவென்று தேறிவிட்டது. பூவாத்தாளின் மணிச்சத்தம் வளைவில் கேட்டாலே சூரப்பன் மூங்கிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பான். சடையனும் ஒரு நாள் தைரியமாக, "மன்றத்துக்குப் போகலாம்!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தான். அவனால் ஒரு நிமிஷம்கூடச் சும்மா உட்கார முடியவில்லை என்றாலும், அதற்குள்ளாகவே மூங்கில் தூக்கப்பட்டுவிட்டது. புதிதாக ஆற்றைக் கடந்து, மூச்சு வாங்க ஓடி வருகிறவர்களை மட்டும் சூரப்பன் இன்னும் நிறுத்திப் பார்க்கிறான்.

அவசரப்படுகிறவனிடம்தான் லஞ்சம் கேட்க முடியும். நியாயத்துக்காகக் காத்திருக்கத் துணிந்தவனிடம் கை நீட்ட எவனுக்கும் தைரியம் வராது.