தண்ணிய மறிச்ச கல்வேனஸும் சாயக்காரி ரூஃபில்லாவும்

ஒரே ஒரு ஊர்ல, ரோமாபுரின்னு பேரு, அங்க ரூஃபில்லான்னு ஒரு சாயக்காரி இருந்தா. துணிக்குச் சாயம் போட்டுப் பொழைக்கிறவ. அந்த ஊருக்கு ராஜா கெடையாது. முன்னூறு பெரிய மனுசங்க சபையில உக்காந்து ஆளுவாங்க, செனட்டருன்னு பேரு. அதுல கல்வேனஸ்னு ஒருத்தன். மொதல்ல எண்ணெய் சுமந்து வித்தவன்தான். ஆனா வாய் இருக்கே வாய், வெல்லப்பாகு! "அக்கா, நான் சபைக்குப் போனா உங்க தெருவுக்குத்தான் மொத தண்ணி"ன்னு தெருத் தெருவாச் சொன்னான், சனங்களும் நம்பித் தோள்ல தூக்கிட்டுப் போயி உக்கார வச்சாங்க, சபையும் ஊர்த் தண்ணிய அவன் பொறுப்புல விட்டுச்சு.

உக்காந்தானா, மாளிகை கட்டினான், தோட்டம் போட்டான், தோட்டத்துல ஆள் ஒசரத்துக்கு நீரூத்து வச்சான். அன்னையிலேருந்து ரூஃபில்லா தெருத்தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல.

அவ போயிக் கேட்டா. "மழை இல்லம்மா"ன்னான். மறுபடி போனா. "கால்வாய் இடிஞ்சிருக்கும்மா"ன்னான். மூணாந்தரம் போனா. "சாயக்காரிக்கு இங்க என்னடி வேலை"ன்னு வெரட்டிட்டான்.

அவ அழல. விடுவிடுன்னு கால்வாயப் பிடிச்சு மலை வரைக்கும் நடந்தா. பாத்தா, தண்ணி கரை தட்டி ஓடுது! அப்ப நடுவுல எவனோ திருப்பிக்கிறான். எவன்னு உங்களுக்கே தெரியுமே? ஆனா அவ சொன்னா சபை நம்புமா?

சபைக்கே கல்வேனஸ் தன் தோட்டத்துல விருந்து வச்சான் பாருங்க, அன்னைக்குக் காலையில நீலச்சாயம் ஆறு குடம் கழுதை மேல ஏத்திக்கிட்டு மலைக்குப் போனா. கால்வாயில ஒரு குடம் கவுத்தா, ரெண்டு குடம் கவுத்தா, ஆறையும் கவுத்துட்டு ஓடியாந்தா.

உச்சி வெயில்ல கல்வேனஸ் எந்திரிச்சு, "ஊருக்குத் தண்ணி இல்லையேன்னு எனக்குச் சோறு எறங்கல ஐயா"ங்கிறான், பின்னால நீரூத்து புஸ்ஸுன்னு நீலமா அடிக்குது! மண்டை நீலம், மூக்கு நீலம், வெள்ளை அங்கியெல்லாம் நீலம். சிரிக்காதீங்க, கேளுங்க.

அப்பத்தான் ரூஃபில்லா தெருச்சனத்தோட உள்ள வந்தா. "ஐயாமாரே, ஊர்க் கால்வாயில நாந்தான் சாயம் கலந்தேன். எங்க தொட்டி காஞ்சு கெடக்கு. ஊர்த் தண்ணி எங்க வந்து விழுதுன்னு நீங்களே பாருங்க."

சபையில மூத்தவர், "என்ன கல்வேனஸ், பேசு"ன்னார். அம்புட்டுப் பேச்சுப் பேசினவன், மூஞ்சிய அங்கியால மூடிக்கிட்டு நழுவப் பாத்தான். அங்க வச்சே அவன் செனட்டர் அங்கியக் கழட்டி, ஊர் எல்லைய விட்டுத் தொரத்திட்டாங்க. கால்வாயிலேருந்து அவன் தோட்டத்துக்குப் போட்டிருந்த கள்ளக் குழாயப் பிடுங்கினாங்க, தொட்டியில தண்ணி மொதல்ல நீலமா வந்துச்சு, அப்புறம் கலங்கலா வந்துச்சு, அப்புறம் பளிங்கு மாதிரி கொட்டுச்சு! பொம்பளைங்க கொலவை போட, ரூஃபில்லா ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிக் குடிச்சா.

ஊர்த் தண்ணிய மறிச்சவன் ஊரை விட்டே போனான், நேர்ல நின்னு கேட்டவ ஜெயிச்சா. அம்புட்டுதான், கண்ண மூடுங்க.