கூப்பிட்டுப் பார்த்தவர் யார்?

ஐப்பசி பிறந்தால் மழை கொட்டித் தீர்க்கும் ஒரு காட்டில், ஓடைக்கரை மேட்டில் வளை தோண்டிக் குடியிருந்தது ஒரு முள்ளம்பன்றி. அதன் பெயர் ஊசியம்மா. எதையும் நாலு கேள்வி கேட்காமல் நம்பாது. "தண்ணீர் குடிக்கும் முன்னால் ஓடையையே குறுக்கு விசாரணை செய்யும்" என்று மற்ற விலங்குகள் அதைக் கேலி பேசும்.

குழந்தைகளே, அந்த ஆண்டு ஊசியம்மாவுக்குப் பெரிய கவலை. வளைக்குள் பிறந்து பத்து நாளே ஆன இரண்டு குட்டிகள். அதன் முன்னங்கால் நகங்களோ பாறையில் பட்டு முறிந்திருந்தன. வளைக்கு இருந்ததும் ஒரே வாசல். மழையில் மண் சரிந்து அது மூடிக்கொண்டால், தோண்டிக்கொண்டு வெளியே வர முடியாது. இதையே நினைத்து ஊசியம்மா இரவெல்லாம் விழித்துக் கிடந்தது.

அந்தக் கவலையை மோப்பம் பிடித்து வந்து நின்றது நரி.

"ஊசியம்மா, வீட்டுக்கு ஓர் ஆபத்து வந்தால் என்ன செய்வீர்கள்?"

"அதுதான் தெரியாமல் விழிக்கிறேன்."

"என்னிடம் 'ஆபத்துக் காவல்' இருக்கும்போது ஏன் விழிக்க வேண்டும்? பௌர்ணமிக்குப் பௌர்ணமி நாலு வள்ளிக்கிழங்கு கொடுத்துவிடுங்கள். மண் சரிந்தாலும் சரி, தண்ணீர் புகுந்தாலும் சரி, ஒரு குரல் கொடுங்கள். ஓடி வந்து நிற்பேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்."

தூக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் ஊசியம்மாவின் மனம் இளகியது. அது தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்த கிழங்கும் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் அதன் வாய் சும்மா இருக்குமா?

"இதில் வேறு யாராவது சேர்ந்திருக்கிறார்களா?"

"பாதிக் காடே சேர்ந்திருக்கிறது! வாருங்கள், நீங்களே கேளுங்கள்" என்று நரி அதைக் கீரியிடம் அழைத்துச் சென்றது.

கீரி எதற்கும் பூரித்துப்போகும் பிராணி. "அருமையான ஏற்பாடு அக்கா! மூன்று வருஷமாகக் கிழங்கு கொடுக்கிறேன். அடடா, என்ன நிம்மதி!"

"நீ கூப்பிட்டபோது உடனே வந்தாரா?"

"கூப்பிடுவதா? எனக்குத்தான் எந்த ஆபத்தும் வரவில்லையே!"

அடுத்து உடும்பைப் பார்த்தார்கள். உடும்பும் நரியை வாயாரப் புகழ்ந்தது. அதற்கும் ஆபத்து வந்ததில்லை.

"நரியாரே, சேர்ந்தவர்களைப் பார்த்துவிட்டேன். இனி, கூப்பிட்டவர்களைக் காட்டுங்கள்" என்றது ஊசியம்மா.

"அப்படிப் பலர் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு இப்போது அவசர வேலை" என்று மெல்ல நழுவியது நரி.

ஊசியம்மா விடுமா? நொண்டி நொண்டி இரண்டு நாள் விசாரித்தது. கடைசியில், ஓர் ஆலமரத்தின் வேர் இடுக்கில் முடங்கிக் கிடந்த எறும்புதின்னியைக் கண்டுபிடித்தது. போன மழையில் வீட்டை இழந்த பிராணி அது.

"நீங்கள் நரியாரைக் கூப்பிட்டீர்களா?"

"தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன்."

"வந்தாரா?"

"பொய் சொல்லக் கூடாது, வந்தார். மழை விட்டு வெயில் அடித்த பிறகு, மூன்றாம் நாள் வந்தார். வளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். 'ஓரத்தில் ஒரு விரிசல் முன்பே இருந்திருக்கிறது. பழைய விரிசலுக்குக் காவல் கிடையாது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்."

"அப்படியானால் உங்களை வெளியே எடுத்தது யார்?"

"பெருச்சாளி அண்ணன்தான். மண்ணைக் குடைந்து வந்து இழுத்துப் போட்டார்."

ஊசியம்மா நேரே பெருச்சாளியிடம் போனது. பேச்சில் கஞ்சன், மண் தோண்டுவதில் சூரன் என்று பெயர் வாங்கியது அந்தப் பெருச்சாளி.

"அண்ணா, ஆபத்து என்று கூப்பிட்டால் வருவீர்களா?"

"வாக்குக் கொடுக்க முடியாது அம்மா. மழை என்றால் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். எனக்கு இருப்பது இரண்டு கைதான்."

ஊசியம்மாவின் முகம் வாடிவிட்டது. பெருச்சாளி தலையைச் சொறிந்துகொண்டது.

"ஒன்று செய்யலாம். நரியார் கேட்கும் அந்த நாலு கிழங்கை என்னிடம் கொடுங்கள். மேட்டின் உச்சியில் உங்கள் வளைக்கு இன்னொரு வாசல் வைத்துத் தருகிறேன். அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது."

"அந்த வாசலும் சரிந்தால்?"

"உச்சிக்கு மேலே சரிவதற்கு மண் ஏது அம்மா?"

ஊசியம்மா மறு கேள்வி கேட்கவில்லை. அதன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் கீழ்வாசல் 'தொப்'பென்று சரிந்து மூடிக்கொண்டது. வளைக்குள் இருட்டு. ஊசியம்மாவுக்கு உயிரே போய்விட்டது போலிருந்தது. குட்டிகளை முகத்தால் தள்ளித் தள்ளி மேல்வாசலுக்கு ஏற்றியது. சற்று நேரத்தில் மூன்று மூக்குகள் மழையில் எட்டிப் பார்த்தன. குட்டிகள் தும்மின. ஊசியம்மா அழுதேவிட்டது.

கீழே, கீரியின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. கீரி ஒரு பாறைமேல் நின்று, "நரியாரே! நரியாரே!" என்று கத்திக்கொண்டிருந்தது. நரியைக் காணோம்.

அந்த வழியாகப் பெருச்சாளி உடம்பெல்லாம் சேறாக ஓடி வந்தது.

"அண்ணா, பாவம் இந்தக் கீரியைக் கொஞ்சம் கவனியுங்கள்!" என்று மேலிருந்து குரல் கொடுத்தது ஊசியம்மா.

"இதோ வந்துவிடுகிறேன் அம்மா. அதற்கு முன்னால் ஒருவரைத் தோண்டி எடுக்க வேண்டும். வாசல் மூடிக்கொண்டு உள்ளே ஊளையிடுகிறார்."

"யார் அது?"

"நரியார்தான். ஒவ்வொரு மழைக்கும் என்னை முதலில் கூப்பிடுவது அவர்தானே!"

பாறைமேல் நின்ற கீரி கத்துவதை நிறுத்தியது.

நீதி: ஆபத்துக்கு உதவுவேன் என்பவரைப் பற்றி, அவரிடம் சேர்ந்தவரைக் கேட்காதே; அவரைக் கூப்பிட்டுப் பார்த்தவரைக் கேள்.